மலைமேல் ஒரு வீடு: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் புகட்டும் பாடம்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. வளை சிறிதாயினும் அது தன்னுடையதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். இம்மாதப் பாடத்திற்கு இப்பழமொழியையே நாம் தலைவாசலாகக் கொள்வோம். அவ்வாசலின் வழியே, ரப்பர்த் தோட்டங்களில் வாழும் நம் வாசகர்களைப் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

பள்ளி விடுமுறைக் காலத்தில் பேருந்து அமர்த்திக்கொண்டு அம்மலைக்குச் சென்று வந்தோர் நம் தோட்டங்களில் பலர் இருப்பர். தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பிரிஞ்சாங் முருகன் ஆலயத்தில் கும்பிடுகிறோம். ஸ்ட்ராபெரிப் பழமும் சோளமும் காய்கறியும் வாங்கிக்கொண்டு மாலையில் இறங்கிவிடுகிறோம். நாம் படம் எடுத்த அதே சரிவின் அடியில் வரிசையாகத் தெரிந்த வீடுகளை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்தோம்? அவற்றில் வாழ்வோர் யார்? அவை யாருக்குச் சொந்தம்? மழை விடாது பெய்யும் இரவில் அங்கே கண்ணயர்வோர் எதை நம்பிக் கண்ணயர்கின்றனர்? இவ்வினாக்கள் தேயிலைத் தோட்டத்தாருக்கு மட்டும் உரியவை ஆகா. லயத்து வீட்டில் பிறந்து லயத்து வீட்டிலேயே பேரப்பிள்ளைகளைக் காணும் ரப்பர்த் தோட்டக் குடும்பங்களுக்கும் இவை உரியவையே.

மலை திறந்த கதை

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதிக்குச் சென்று அதன் இருப்பிடத்தைக் குறித்துவைத்தார். மலை அவர் பெயரால் வழங்கலாயிற்று. ஆனால் அவருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே செமாய் இனப் பூர்வகுடி மக்கள் அங்கு வாழ்ந்து வந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அம்மலையின் முதல் குடிகள் அவர்களே.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மலை அவ்வாறே கிடந்தது. 1925ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்னும் ஆங்கில அதிகாரி அங்குச் சென்று, இந்தியாவில் உதகமண்டலமும் இலங்கையில் நுவரெலியாவும் இருப்பதுபோல் மலாயாவிலும் ஒரு குளிர்மலை நகர் அமைக்கலாம் என்னும் எண்ணத்திற்கு வலுவூட்டினார். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வெட்டப்பட்டது. தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை, வளைவுக்குமேல் வளைவாக இன்றும் மலையைச் சுற்றி ஏறுகின்றது.

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸல் என்பார் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஒருவர் அவருக்குத் துணைநின்றார். 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. கம்போங் ராஜாவுக்கு அருகில் புளூவேலித் தோட்டம் உருவாயிற்று. இவற்றின் சரிவுகளைத் திருத்திய காலத்தில் இன்றைய மண்வாரிப் பொறிகள் இல்லை. ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும் தவிர, எஞ்சியவை யாவும் தொழிலாளரின் கைகளே. அக்கைகளில் மிகப் பல, ரப்பர்க் காட்டைத் திருத்திய நம் பாட்டன்மாரின் கைகளைப் போலவே, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை.

கொழுந்தும் பாலும்

கேமரன் மலை மாவட்டம் 712 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பேராக், கிளந்தான் மாநிலங்களை ஒட்டிப் பகாங்கின் வடமேற்கு மூலையில் அமைந்தது. தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. பகலில் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் போர்வை இல்லாமல் உறங்க முடியாது. ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது.

நாம் இருள் பிரியுமுன் பால்வெட்டுக்குச் செல்கிறோம். வெயில் ஏறினால் பால் வற்றிவிடும். தேயிலைத் தொழிலாளியோ வெளிச்சம் வந்தபின் மலையேறுகிறார். மழை பெய்தால் வெட்டுமரம் நனைந்து நம் வேலை நின்றுவிடும். கொழுந்து அவ்வாறு காத்திருப்பதில்லை. பறிக்கத் தவறினால் முற்றிவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது பறிப்பின் இலக்கணம். முற்காலத்தில் விரல்களால் கிள்ளினர். இப்பொழுது சரிவின் செங்குத்துக்கு ஏற்ப, பை பொருத்திய கத்தரியும் இருவர் தூக்கிப் பிடிக்கும் பொறியும் பயன்படுகின்றன. பறித்த கொழுந்து தொழிற்சாலையில் வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, தரம் பிரிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள்தான் கிடைக்கும். முதுகில் கூடை கனக்கச் சரிவில் இறங்குவோரின் உழைப்பை இக்கணக்கே சொல்லும்.

வேலை வேறாயினும் வாழ்க்கை ஒன்றே. பிரட்டுக்களமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆயக்கொட்டகையும் வரிசை வீடும் அங்கும் உண்டு. இன்று அவ்வீடுகளில் தமிழ்க் குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் மிகுந்துள்ளனர். நம் ரப்பர்த் தோட்டங்களிலும் இதே மாற்றத்தை நாம் கண்டு வருகிறோம் அல்லவா?

வீடு யாருடையது?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவனும் மனைவியும் இருபத்தைந்து வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்தனர். நிருவாகம் ஒரு வீடு தந்தது. முன்புறம் செம்பருத்தியும் துளசியும் வைத்தனர். பின்புறம் சொந்தச் செலவில் சமையற்கட்டை நீட்டினர். கூடத்திற்குச் சிமெந்துத் தளம் போட்டனர். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தன. ஓய்வு நாள் வந்தது. வேலை முடிந்ததும் வீட்டின் சாவியையும் திருப்பித் தரவேண்டியதாயிற்று. அவர்கள் நட்ட துளசி அங்கேயே நின்றது. அவர்கள் எங்கே போவது?

இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. வேலையோடு கட்டப்பட்ட வீடு வேலையோடு முடிவது ஒப்பந்தத்தின் இயல்பு. அக்குடும்பம் செய்த பிழை ஒன்றே. நெடுங்காலம் வாழ்ந்த வீட்டை நம்முடைய வீடு என்று நம்பி, முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடத்திவிட்டனர். வாழ்வது வேறு, உடைமை வேறு என்னும் இவ்வேற்றுமையை இளம் தம்பதியர் இன்றே உணர்தல் வேண்டும்.

தோட்ட வீட்டில் வாழும் காலத்தில் நமக்கு உரிமைகள் இல்லாமல் இல்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், தோட்ட வீடுகளுக்குக் குடிநீர், மின்சாரம், பழுதுபார்த்தல், துப்புரவு ஆகியவை பற்றி முதலாளிக்குக் கடமைகளை விதிக்கிறது. கூரை ஒழுகுவதையும் கால்வாய் அடைபட்டிருப்பதையும் நாம் எழுத்து வடிவில் நிருவாகத்திற்குத் தெரிவிக்கலாம். பயனில்லையெனில் தொழிலாளர் இலாகாவை அணுகலாம். ஆனால் இச்சட்டம் தருவது நல்ல வீட்டில் வாழும் உரிமையே. வீட்டை நமக்கு உடைமையாக்கித் தருவதன்று.

கேமரன் மலையில் நிலம் பற்றி இன்னொரு பாடமும் உண்டு. அங்குக் காய்கறி பயிரிடுவோரிற் பெரும்பாலோர், தலைமுறைகளாக உழுதுவந்த நிலத்திலும், டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தைக் கொண்டே பயிர்செய்து வந்தவர்கள். தேசிய நிலச் சட்டத்தின்படி அவ்வுரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்துவிடும். மீண்டும் புதுப்பித்தல் வேண்டும். அதனைப் பிறருக்கு விற்க இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் பிள்ளைகளுக்குச் செல்லாது. 'கிராண்டு' என்று நாம் பேச்சில் வழங்கும் நிலப்பட்டாவோ நிலைபேறுடையது. 99 ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைப் பட்டாவும் விற்பனைக்கும் வாரிசுரிமைக்கும் இடந்தரும். எனவே, "குறைந்த விலையில் மனை இருக்கிறது" என்று எவரேனும் நம்மை அணுகினால், பணத்தை எடுக்குமுன் மாவட்ட நில அலுவலகத்திற்குச் சென்று, அம்மனைக்குப் பட்டா உண்டா, எவ்வகைப் பட்டா, யார் பெயரில் உள்ளது, கடன் பொறுப்பு ஏதும் உண்டா என்று பார்த்தறிதல் வேண்டும். விற்பவர் காட்டும் ஒளிநகலை நம்பிப் பணம் கொடுத்தலாகாது.

சேமிப்பே அடித்தளம்

"எங்களால் வீடு வாங்க முடியுமா?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். நம் வரலாறே அதற்கு விடை கூறும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்து நின்றனர். அவ்வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அச்சங்கம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலாவதாக வாங்கியது. துரைமாரின் உடைமையாயிருந்த தோட்டத்தைத் தொழிலாளரின் சிறுசேமிப்பு வாங்கியதெனில், ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஒரு வீட்டை வாங்க இயலாதா?

1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி நமக்கு உற்ற துணையாகும். 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. நூற்றுக்கு 75 பங்கு ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 பங்கு 'செஜாத்ரா' கணக்கிற்கும், 10 பங்கு எப்பொழுதும் எடுக்கத்தக்க நெகிழ்வுக் கணக்கிற்கும் செல்கின்றன. வீடு வாங்கவும் வீட்டுக்கடன் அடைக்கவும் செஜாத்ரா கணக்கு உதவும். நெகிழ்வுக் கணக்கில் உள்ளதை எடுத்துக் கைப்பேசி வாங்குவது எளிது. அதைத் தொடாமல் வைத்திருந்து வீட்டின் முன்பணத்திற்குத் துணையாக்குவது கடினம். கடினமானதே குடும்பத்தைக் காக்கும்.

சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்துவிட்டீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு உடையோர் உயில் எழுதிவைத்தல் நன்று. உயிலின்றி இறந்தவரின் சிறு சொத்துகளை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட நில அலுவலகத்தின் வழியாகவே வாரிசுகளிடையே பங்கிட வழியுண்டு. தந்தையின் பெயரிலேயே பட்டாவை ஆண்டுக்கணக்கில் கிடக்கவிட்டு, பின்னர் உடன்பிறந்தோர் முகம் பாராது பிரியும் அவலம் நம்மிடையே வேண்டா.

மழை இரவின் கேள்வி

இனி, தொடக்கத்தில் எழுப்பிய மூன்றாம் வினாவுக்கு வருவோம். மழை இரவில் மலையடிவாரத்தில் உறங்குவோர் எதை நம்பி உறங்குகின்றனர்?

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபூபக்கர் அணை நிரம்பியதால் நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் இருந்த வீடுகளுள் வெள்ளம் பாய்ந்தது. உயிர்கள் மாண்டன, வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. மறு ஆண்டு நவம்பரிலும் சேற்று வெள்ளம் அப்பகுதியைத் தாக்கி உயிர்களைக் கொண்டுசென்றது. மேட்டுச் சரிவுகள் கண்டபடி வெட்டப்பட்டு, மண் கரைந்து ஆற்றில் இறங்கி, அணையின் கொள்ளளவைக் குறைத்திருந்தது. ஆற்றுக்கென ஒதுக்கிய நிலத்தில் வீடுகள் எழுந்திருந்தன. மேலே ஒருவர் வெட்டிய மண், கீழே வேறொருவர் வீட்டிற்குள் வந்தது.

2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அதிகாலையில், புளூவேலிப் பகுதியில் மண் சரிந்து, மியன்மாரைச் சேர்ந்த ஐந்து விவசாயத் தொழிலாளர் மாண்டனர். பிழைப்புத் தேடிக் கடல்கடந்து வந்தோர், தாம் தேர்ந்தெடுக்காத ஓரிடத்தில் உறங்கியவாறே உயிர்நீத்தனர். நம் பாட்டன்மாரும் ஒருகாலத்தில் அவ்வாறே வந்து, காட்டப்பட்ட இடத்தில் படுத்தவர்கள் அல்லரோ?

நம் உறவின் கிளைகளாகிய பிறநாட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழரின் நிலையும் நமக்குப் பாடமாகும். இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். அவர்களுள் சிலர் திரும்பி வந்தபோது பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரித்திருந்தது. ஆயினும் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. கேரளத்தின் மூணாறுக்கு அருகில் பெட்டிமுடியில் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மலை இறங்கித் தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது.

எச்சரிக்கை வந்த பின்னும் மீரியபெத்தை மக்கள் ஏன் நகரவில்லை? செல்வதற்கு வேறு நிலம் அவர்களுக்கு இல்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை அந்த மலையோடு கட்டப்பட்டிருந்தது. இப்பாடத்தின் நடுவுண்மை இதுதான்: உடைமையும் பாதுகாப்பும் இரண்டு செய்திகள் அல்ல. தனக்கென ஓர் இடம் உடையவன், "இவ்விடம் ஆபத்தானது, நான் போகிறேன்" என்று சொல்ல முடியும். வேறிடம் இல்லாதவன் ஆபத்தோடு உறங்கப் பழகிவிடுகிறான்.

கண்ணும் காதும் காவல்

சொந்த வீடு வரும்வரை காத்திராமல், இன்றிருக்கும் இடத்திலேயே நாம் செய்யத்தக்கவை பல உண்டு. நம் ரப்பர்த் தோட்டங்களிலும் குன்றுகளும் சரிவுகளும் உள்ளன. மறுநடவுக்காக மரங்கள் விழுத்தப்பட்ட குன்றில், மூடுபயிர் படரும்வரை மண் இளகியே இருக்கும். எனவே கீழ்வரும் அறிகுறிகளைப் பெரியோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும்.

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு தோன்றி நாளுக்குநாள் அகலுதல். நேற்றுவரை எளிதாய் மூடிய கதவு இன்று இறுகி நிற்றல். மின்கம்பமும் மரமும் ஒருபக்கம் சாய்தல். வறண்டிருந்த இடத்தில் ஊற்றுக் கசிதல். தெளிந்த ஓடை திடீரெனக் கலங்குதல், அல்லது மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையின் நீர் குறைந்துபோதல். மலைப்பக்கம் மரம் முறியும் ஓசையோ உறுமல் போன்ற ஓசையோ கேட்டல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நில்லாமல், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகிச் செல்லுதல் வேண்டும். 999 எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். அணைக்குக் கீழ்வாழ்வோர் அபாயச் சங்கு கேட்டவுடன் ஆற்றோரத்தை விட்டு மேட்டுக்குச் செல்லுதல் வேண்டும். வேடிக்கை பார்க்க ஆற்றை நோக்கிச் செல்லுதல் உயிருக்குக் கேடு.

வீட்டின் பின்னாலுள்ள மேட்டை வெட்டிச் சமையற்கட்டை நீட்டாதீர்கள். மேட்டின்மேல் குப்பை கொட்டாதீர்கள். கால்வாயில் தேங்கிய சருகையும் நெகிழிப்பையையும் மாதம் ஒருமுறை கூட்டாகச் சேர்ந்து அகற்றுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமநிதி அறிக்கை ஆகியவற்றை நீர் புகாத பை ஒன்றில் இட்டுக் கதவருகே வையுங்கள்.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தன. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் நடவடிக்கை இல்லையெனில், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமை பெற்றுள்ளார். வேலையிலும், வேலைக்குச் சென்றுவரும் வழியிலும் நேரும் விபத்துகளுக்கு சொக்சோ காப்புத் தருகிறது. 2019ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் இதில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

வீடு வாங்கியோர்க்கு ஒரு குறிப்பு. தீக்காப்புறுதி ஒன்று எடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிற்று என்று எண்ணற்க. அடிப்படைத் தீக்காப்புறுதி வெள்ளத்தையும் மண்சரிவையும் உள்ளடக்குவதில்லை. அவற்றுக்குத் தனியே கூடுதல் கட்டணம் செலுத்திக் காப்புப் பெறுதல் வேண்டும். ஒப்பமிடுமுன் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

விருந்தினர் வரும் மலை

சுற்றுலா கேமரன் மலைக்குப் பெருவருவாய் தரும் தொழிலாகும். போ, சுங்கை பாலாஸ் தோட்டங்களிலும் பாரத் தோட்டத்துத் தேநீர்க் கூடத்திலும் வருவோர் தேநீர் அருந்திச் சரிவைக் கண்டு மகிழ்கின்றனர். நம் ரப்பருக்கும் அப்பெருமை இல்லாமல் இல்லை. 1877ஆம் ஆண்டில் விதைத்த கன்றுகளின் நினைவாகக் கோலகங்சாரில் நிற்கும் பழைய ரப்பர் மரத்தைக் காணவும் பயணிகள் வருகின்றனர்.

இவ்வருவாய் யாரிடம் சேர்கிறது என்பதே கேள்வி. 1995ஆம் ஆண்டில், இதே பகாங் மாநிலத்தில், தெமெர்லோ வட்டாரத்து டேசா மூர்னி கிராமத்தில் நம் நாட்டின் 'ஹோம்ஸ்டே' திட்டம் முறையாகத் தொடங்கப்பெற்றது. கிராமத்தார் தம் வீட்டின் ஓர் அறையை விருந்தினர்க்குத் தந்து, தம் உணவையே படைத்து, வருவாய் ஈட்டுகின்றனர். அவர்களுக்கு மாளிகை இல்லை. சொந்த வீடு மட்டும் இருந்தது. வரிசை வீட்டில் வாழ்வோர் அவ்வாறு விருந்தினரை ஏற்க இயலாது. ஆகவே சுற்றுலாவின் பயனும் வீட்டுடைமையிலேயே வந்து நிற்கிறது. எனினும் சொந்த வீடு இல்லாதோரும் வேறு வழிகளில் இத்தொழிலில் இறங்கலாம். உணவுக்கடை வைக்க விரும்பும் மகளிர், உணவு கையாளுவோர் பயிற்சி பெற்று, நச்சுக்காய்ச்சல் தடுப்பூசி இட்டுக்கொண்டு, ஊராட்சி மன்றத்தின் உரிமம் பெறுதல் வேண்டும்.

உரிமம் என்பது வெறுந்தாள் அன்று. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின்மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டனர். முகாம் நடத்துவதற்கு அங்கு உரிமம் பெறப்படவில்லை என்று அதிகாரிகள் அறிவித்தனர். நாம் தங்கச் செல்லும் இடம் உரிமம் பெற்றதா, அதன் பின்னால் சரிவு உண்டா என்று கேட்பதில் வெட்கமில்லை.

பயணத்திலும் கவனம் வேண்டும். 2010ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கிய பேருந்து கவிழ்ந்து, பெரும்பாலும் தாய்லாந்துப் பயணிகளாகிய இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தோட்டத்திலிருந்து சுற்றுலா ஏற்பாடு செய்வோர், வாடகை குறைவு என்பதற்காக உரிமமற்ற வண்டியை அமர்த்தலாகாது. 2025ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் சுற்றுலாப் பேருந்துகளிலும் விரைவுப் பேருந்துகளிலும் இருக்கைவார் அணிதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதனை அணிந்தபின் பாட்டும் கைத்தட்டலும் இருக்கட்டும்.

மலைக்குச் சென்றபின், கொழுந்து பறிப்போரைக் கண்டால் கேளாமல் படம் எடுக்காதீர்கள். அவர் காட்சிப்பொருள் அல்லர், வேலையில் இருப்பவர். வணக்கம் கூறி, நலம் விசாரியுங்கள். "எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அவ்வுரையாடலில் நீங்கள் இருவரும் ஒரே லயத்தின் இருமுனைகள் என்பது விளங்கும்.

முடிவாக

ரப்பர்த் தோட்டத்துத் தம்பதியர் இவ்வாண்டு செய்யத்தக்க சிறு செயல்கள் மூன்று. ஒன்று, சேமநிதி அறிக்கையை எடுத்து இருவரும் ஒன்றாக அமர்ந்து படித்து, வீட்டிற்கென ஒரு மாதச் சேமிப்பைத் தொடங்குதல். இரண்டு, வீட்டைச் சுற்றியுள்ள மேட்டையும் கால்வாயையும் ஒருமுறை நடந்து பார்த்து, குறை கண்டால் எழுத்தில் நிருவாகத்திடம் தருதல். மூன்று, ஓய்வுபெற்றபின் எங்கு வாழப்போகிறோம் என்னும் கேள்வியைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே பேசுதல். முப்பத்தைந்து ஆண்டுகள் நீண்ட காலம் போல் தோன்றும். சாவியைத் திருப்பித் தரும் நாளில் அது மிகக் குறுகியதாகத் தெரியும்.

சிந்தனை வினாக்கள்

வாசிப்பு வட்டங்களும் முதியோர் வகுப்புகளும் கீழ்வரும் வினாக்களைக் கலந்துரையாடலாம்.

1. தற்காலிகக் குடியிருப்பு உரிமத்திற்கும் நிலப்பட்டாவிற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

2. எச்சரிக்கை கிடைத்த பின்னும் மீரியபெத்தை மக்கள் இடம்பெயராமைக்குக் காரணம் யாது?

3. நம் தோட்டத்தில் மண்சரிவோ வெள்ளமோ நேரக்கூடிய இடங்கள் எவை? அங்கு வாழ்வோர் எவ்வழியே வெளியேறுவர்?

4. சேமநிதியின் மூன்று கணக்குகளுள் வீட்டிற்கு உதவுவது எது?

5. நாம் இன்று வாழும் வீடு யாருடையது? நாளை வாழப்போகும் வீடு எங்கே உள்ளது?

ஐந்தாம் வினாவுக்குரிய விடையை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தானே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.